முதலைத் தின்கிறோம்!

நமக்கும் குகைக்கும் உள்ள உறவை மூன்றே காரியங்களில் அடக்கிவிடலாம். உள்ளே நுழைந்ததும் 'ஹோ'வென்று கத்துவது. எதிரொலி கேட்டதும் ஏதோ எஸ்.டி.டி. கால் கிடைத்த மாதிரி சந்தோஷப்படுவது. அப்புறம் சாவிக்கொத்தை எடுத்துப் பாறையில் பெயர் எழுதுவது. வெறும் பெயர் மட்டும் எழுதினால் பாறை கோபித்துக்கொள்ளுமோ என்று பக்கத்தில் ஒரு இதயம், அதில் குறுக்கே ஒரு அம்பு, அம்பின் அந்தப் பக்கம் இன்னொரு பெயர். இந்த இரண்டு பெயர்களும் பிற்பாடு ஒரே கல்யாணப் பத்திரிகையில் அச்சாயினவா என்று யாராவது ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கலாம்.

பக்திமான்களாக இருந்தால் நாலாவது காரியம் ஒன்று உண்டு. கற்பூரம்!

கொல்லிமலை விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வரை குழந்தைகள் கோரஸாக எண்ணும். இருபதில் குரல் குறையும். முப்பதைத் தாண்டினால் பஸ்ஸில் எலுமிச்சம்பழ வாசனை மட்டும்தான்.

மேலே போய்ச் சேர்ந்தால் பலாவும் மிளகும் காப்பியும் அன்னாசியும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் பெயரில் ஆடி மாதம் அரசாங்கமே விழா எடுக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி, சுமார் 300 அடி. (இறங்கும்போது மனிதன் கவிஞன். ஏறும்போது கார்டியாலஜிஸ்ட் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன்.) அந்தக் காட்டுப் பக்கம்தான் சித்தர் குகைகள். கோரக்கர் இருந்தார், காலாங்கிநாதர் இருந்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, ஜனங்கள் காட்டையும் ஓடையையும் தாண்டிப் போய்க் கும்பிட்டு வருகிறார்கள்.

ஒரு காலத்தில் அங்கே போகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஒன்று, சாமியார். இரண்டு, சாமியாராகப் போவதாக வீட்டில் மிரட்டிவிட்டு வந்தவர். இப்போது அப்படி இல்லை. ஒரு ஆள் செல்போனில் முப்பது செகண்ட் படம் பிடித்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, 'யாருக்குமே தெரியாத ரகசியக் குகை' என்று தலைப்பு வைத்து உலகத்துக்கே காட்டிவிடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரகசியத்தைப் பார்க்க மூணு வேன் வருகிறது. வேனோடு பிரியாணிப் பொட்டலம் வருகிறது. பிரியாணி திரும்பிப் போகிறது, வயிற்றில். பொட்டலம்?

*

நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பில் மூன்று வருஷம் கற்றுக்கொண்டதில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஒன்றுதான். முதல் வேறு, வருமானம் வேறு. வருமானத்தைச் சாப்பிடலாம். முதலைச் சாப்பிடக் கூடாது. (ஆற்றில் கிடக்கிற முதலை இல்லை சார், அது நம்மைச் சாப்பிடும்.)

ஆபீஸில் ஒரு நாற்காலி வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். பத்து வருஷத்தில் நாற்காலி ஒழிந்து போகும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குகைக்குத் தேய்மானம் எழுத முடியுமா? எழுதலாம். ஆனால் தேய்ந்த பிறகு எந்தக் கடையில் போய் இன்னொன்று வாங்குவது?

கற்பூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்தால் மிச்சமே இல்லாமல் கரைந்துவிடும் என்று நம் ஆன்மிகம் சொல்கிறது. நம் பூஜையறைச் சுவர் வேறு மாதிரி சொல்கிறது. கரி! வீட்டிலே பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துவிடலாம். குகையில் அந்தக் கரி பாறையோடு ஒட்டி, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து, கல்லின் நிறமே மாறிவிடும். கறுப்பாகிவிட்டதே என்று இன்னொரு புண்ணியவான் பளபளவென்று பெயின்ட் வாங்கி வந்து காவியும் வெள்ளையும் அடிப்பார். எல்லாம் பக்தியில்தான். பாறைக்கு அது தெரியாதே.

வெளவால்களை மறந்துவிடாதீர்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஜீவன்கள். நாம் போய் டார்ச் அடித்து விசில் ஊதினால் எப்படி இருக்கும்? நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த உங்கள் வீட்டுக்காரரைக் காலை பத்து மணிக்கு எழுப்பிப் பாருங்கள், தெரியும். பூச்சி தின்னும் வெளவால் ராத்திரியெல்லாம் கொசுவையும் வயல் பூச்சியையும் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறது. அதன் தூக்கத்தையாவது விட்டுவைக்கலாம்.

*

'அப்படியானால் கதவு போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதானே?' என்பார் ஒருவர். 'அதெப்படி? சாமியைப் பார்க்க யார் தடுப்பது?' என்பார் இன்னொருவர். டீக்கடையில் இந்த இரண்டு கட்சியும் எப்போதும் இருக்கும். இரண்டு பேருக்கும் வெளிநாட்டிலிருந்து பதில் இருக்கிறது.

பிரான்ஸில் லாஸ்கோ என்று ஒரு குகை. சுமார் 17,000 வருஷத்துக்கு முந்தைய ஆதிமனிதன் வரைந்த காளைகளும் குதிரைகளும் உள்ளே இருக்கின்றன. 1940-ல் பையன்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். 1948-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1955 வாக்கில் தினம் 1,200 பேர் வரை வந்தார்கள். அவர்கள் யாரும் பெயர் கிறுக்கவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்! அந்த மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் ஈரமும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்துவிட்டது. 17,000 வருஷம் தாங்கிய சித்திரம் பதினைந்து வருஷ டூரிஸ்ட்டைத் தாங்கவில்லை. 1963-ல் கலாசார மந்திரி ஆந்த்ரே மால்ரோ மூடிவிட்டார். அப்புறம் 1983-ல் பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு டூப்ளிகேட் குகை கட்டி, 'இதைப் பாருங்கள்' என்றார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். கல்யாணப் பெண் உள்ளே இருக்க, போட்டோவுக்கு அட்சதை போடுகிற மாதிரி.

ஸ்பெயினில் அல்தமிரா குகையும் மூச்சுக்காற்றால் கெட்டதுதான். மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2014-ல் வாரத்துக்கு ஐந்து பேர் மட்டும் என்று சீட்டுக் குலுக்கி உள்ளே விட்டார்கள். ஐந்தே பேர்! நம் ஊராக இருந்தால் ஐந்து பேரும் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்தோடு வந்திருப்பார்கள்.

தென் கொரியாவில் ஜேஜு தீவுக்காரர்களின் வழி கொஞ்சம் நிதானமானது. அங்கே இருப்பவை எரிமலைக் குழாய்க் குகைகள். பால் காய்ச்சும்போது மேலே ஏடு கட்டிக்கொள்ள, அடியில் பால் இருக்கிறதல்லவா? அதே மாதிரி எரிமலைக் குழம்பு ஓடும்போது மேல்பக்கம் ஆறி ஓடாக இறுகிவிடும். அடியில் குழம்பு ஓடி வடிந்துவிட்டால் வெறும் குழாய் மிஞ்சும். மலைப்பாம்பு சட்டை உரித்துப் போட்ட மாதிரி, மைல் கணக்கில். 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மான்ஜாங் குகை மொத்தம் 7.4 கிலோமீட்டர். ஜனங்களுக்காக ஒதுக்கியது சுமார் ஒரு கிலோமீட்டர். 2023 கடைசியில் வாசல் பக்கம் கல் பெயர்ந்து விழுந்ததும் அதையும் மூடிவிட்டுத்தான் ரிப்பேர் வேலை பார்த்தார்கள். 2005-ல் கரன்ட் கம்பம் நடப் பள்ளம் தோண்டியபோது இன்னொரு குகை அகப்பட்டது. உள்ளே பழைய காலத்து மண்பாண்டங்கள் கிடந்தன. 'இது ஜனங்களுக்கு இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றைக் காட்டுகிறோம், ஒன்றைக் காப்பாற்றுகிறோம். சம்பளத்தில் பாதி செலவுக்கு, பாதி பிராவிடன்ட் ஃபண்டுக்கு!

ஹவாய்த் தீவிலும் அதே ரகக் குகைகள். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தங்கள் முன்னோர்களின் எலும்புகளை அவற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சுற்றுலா இடம், அவர்களுக்குத் தாத்தா பாட்டி. 2002-ல் குகைகளைக் காப்பாற்றவென்றே அங்கே தனிச் சட்டம் போட்டார்கள்.

கொல்லிமலையில் எரிமலைக் குழாய் கிடையாது. இங்கே இருப்பது சார்னகைட் என்கிற பழம்பாறை. இந்தப் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறையில் செய்தது. பிற்பாடு அந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கல் கொடுத்தது நாம், பெயர் அவருக்கு! கல்லின் ஜாதி வேறானாலும் குகையின் கவலை ஒன்றுதான். யாரை விடுவது, எவ்வளவு விடுவது?

*

பாறையில் பெயர் எழுதும் கலையில் நம்மவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1819 ஏப்ரல் 28-ம் தேதி ஜான் ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி புலி வேட்டைக்குப் போன இடத்தில் அஜந்தா குகையைப் பார்த்தார். பார்த்தவர் என்ன செய்தார்? பத்தாம் நம்பர் குகையில் ஒரு போதிசத்துவரின் ஓவியத்தின் மேலேயே தன் பெயரையும் தேதியையும் கீறி வைத்தார். இதயம் மட்டும்தான் வரையவில்லை. அதே அஜந்தாவில் இன்றைக்குக் கார்களை நாலு கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிட்டு, அரசாங்க பஸ்ஸில் ஏறித்தான் குகைக்குப் போக வேண்டும். புகையும் ஹாரனும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

நம் பக்கத்தில் புதுக்கோட்டை சித்தன்னவாசல். மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. ஒன்றில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழ் பிராமி எழுத்து.

'அதுவும் பாறையில் எழுதினதுதானே சார்? அதை மட்டும் கும்பிடுகிறீர்களே!' என்று ஒரு காலேஜ் பையன் என்னிடம் மடக்கினான். நியாயமான கேள்வி. அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? வெளியூரில் பிறந்து அங்கே வந்து தங்கியிருந்த ஒரு துறவிக்கு இன்னார் இந்தப் படுக்கையைச் செய்து கொடுத்தார் என்று. கொடுத்தவர்கள் எழுதினார்கள் தம்பி. நாம் ஒரு வாட்டர் பாட்டிலைப் போட்டுவிட்டு எழுதுகிறோம்!

*

பூட்டு போட்டால் தீர்ந்துவிடுமா? கொடைக்கானல் குணா குகையைப் பாருங்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் பேயின் சமையலறை. 1991-ல் 'குணா' படம் வந்து பெயரையே மாற்றிவிட்டது. உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு. அதனால் கம்பிவேலி போட்டார்கள். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடி கூட்டம் அலைமோதியது. அங்கே கம்பி அவசியம், உயிர் சமாசாரம். ஆனால் அது யாரும் தினப்படி கும்பிடுகிற இடம் இல்லை. கொல்லிமலைக் கணக்கு வேறு.

கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாழ் ஜனங்கள். இந்தக் காடும் ஓடையும் குகையும் அவர்களுக்குப் பிக்னிக் இல்லை, வீட்டுக் கொல்லைப்புறம். நாளைக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் முதலில் வெளியே நிற்கப் போவது அவர்கள்தான். வேனில் வந்து அசிங்கம் பண்ணினவன் சேலத்திலோ சென்னையிலோ ஏ.சி. போட்டுத் தூங்குவான். தினம் விளக்கேற்றின கிழவி கம்பிக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். இது என்ன நியாயம்? கடனை வாங்கினது ஒருத்தன், ஜப்தி இன்னொருத்தன் வீட்டிலேயா?

மலையில் எனக்கு வழிகாட்டின பெரியவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டுப் பூசையறைக்கு நாங்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வாங்கன்னு சொல்வேன்."

"செருப்போட?"

"அதெப்படிங்க?"

"எத்தனை பேரு வந்தா வாங்கன்னு சொல்லுவீங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. பூட்டவும் வேண்டாம், சந்தையாக்கவும் வேண்டாம். வீட்டுக்காரன் இருக்கிற வீடு மாதிரி வைத்தால் போதும்.

இதற்கு உதாரணம் அதே மலையில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. மீனும் சாமி என்பது ஐதிகம். பொரி போடுகிறார்கள், கும்பிடுகிறார்கள். வாட்ச்மேன் இல்லை, சிசிடிவி இல்லை. மீன் கொழுகொழுவென்று பயமில்லாமல் நீந்துகிறது. மீன் குழம்பென்றால் உயிரை விடுகிற ஆசாமிகூட அங்கே பொரிப் பொட்டலத்தோடுதான் நிற்கிறார். அறிவிப்புப் பலகை செய்யாததை ஊர் சொல்லும் ஒரு கதை செய்கிறது.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் தண்டு. சூப் வைத்தால் மூட்டு வலி போகும் என்று மலைக்கு வருகிற அத்தனை பேரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஒரு கிலோ பையிலும் வாங்கிப் போகிறார்கள். பெரணிக்கு அந்தத் தண்டுதான் முதல். இலையைப் பறித்தால் மறுபடி வரும், தண்டைப் பெயர்த்தால் ஆள் காலி. நம் மூட்டுக்காகப் பாறையை மொட்டையடிக்கிறோம்.

*

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவு. காட்டில் வாழும் பழங்குடிகளின் கலாசாரச் சொத்தும் இயற்கைச் சொத்தும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அவர்களுக்கும் கிராம சபைக்குமே கொடுக்கிறது. கிராம சபை தீர்மானத்துக்கு என்ன மரியாதை என்று இளப்பமாக நினைக்காதீர்கள். மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. சமணர் படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு அறிவித்தது. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டார ஜனங்கள் தீர்மானம் போட்டார்கள், ரோட்டில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர் நினைத்தால் மலை நிற்கும்.

அதனால் என் சிற்றறிவுக்கு எட்டிய கணக்கு இது:

ஒன்று, குகைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று ஊரும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி ஒரு எண் வைக்கட்டும். கூட்டம் நிரம்பினால் சினிமா தியேட்டரில் 'ஹவுஸ்ஃபுல்' போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறோமே, அதே மாதிரி போவோம்.

இரண்டு, உள்ளூர் ஆள் துணையில்லாமல் யாரும் போகக் கூடாது. அந்தக் கூலியும் நுழைவுச் சீட்டுக் காசும் மலைக்கே போகட்டும். குகை கெட்டால் தன் பிழைப்பு கெடும் என்று தெரிந்தவனை விட நல்ல வாட்ச்மேன் கிடையாது.

மூன்று, கற்பூரமும் ஊதுவத்தியும் வெளியே ஒரு மேடையில். உள்ளே கும்பிடு மட்டும். சித்தர்கள் எல்லாவற்றையும் துறந்துவிட்டுத்தான் வந்தார்கள். உங்கள் கற்பூரம் இல்லையென்று கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாலு, மழைக்காலத்திலும் வெளவால் குட்டி போடும் சமயத்திலும் குகைக்கு லீவு. பேங்க்குக்கே இத்தனை நாள் லீவு விடுகிறோம்!

ஐந்து, எல்லாக் குகைக்கும் வழி சொல்ல வேண்டாம். ஒன்றிரண்டைக் காட்டுவோம், மீதி ஊர்க்காரர்களோடு இருக்கட்டும். செல்போனில் வழியைப் படம் போடும் புண்ணியவான்கள் அருவியோடு நிறுத்திக்கொள்ளட்டும். கொஞ்சம் ரகசியம் இருந்தால்தான் அது சித்தர் மலை.

'இப்படிக் கட்டுப்பாடு வைத்தால் கூட்டம் குறையும், வியாபாரம் படுத்துவிடும்' என்று சூப் கடைக்காரர் கவலைப்படலாம். அவர் கவலை நியாயம். ஆனால் பத்து வருஷத்தில் குகை கரிக்கட்டையாகி, பாறை மொட்டையாகி, ஓடையில் பிளாஸ்டிக் மட்டும் ஓடினால் யார் வருவார்கள்? முதல் இருந்தால் வட்டி வரும். முதலைத் தின்றால் ஒரு நாள் விருந்து, அப்புறம் ஏப்பம்கூட வராது.

பெயர் எழுதியே தீர வேண்டும், கை அரிக்கிறது என்கிறவர்களுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். குகைக்குப் போகும் வழியில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பெரிய பேரேடு, நூல் கட்டின பேனா ஒன்று. பெயர், ஊர், இதயம், அம்பு, அம்பின் அந்தப் பக்கத்துப் பெயர், எல்லாவற்றையும் அதில் ஆசை தீர எழுதலாம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் கட்டணம், கிராம சபைக்கு. வருஷக் கடைசியில் அந்தக் கணக்கை ஆடிட் பண்ண நான் தயார். ஃபீஸ் எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் கொல்லிமலை மிளகு ரசம் போதும்.